ஆடிக்கு நேர்ந்துவிட்ட முடி

ஒவ்வொரு வீட்டிலும் நான் கேட்க வேண்டிய கேள்விகள் ஒரு தாளில் அச்சடித்திருக்கும். தகப்பன் தொழில் என்ன, ஒரு நாளைக்கு எத்தனை வேளை அடுப்பு எரிகிறது, பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருக்கிற பிள்ளைகள் எத்தனை. கடைசி இரண்டையும் சேர்த்தே கேட்டுவிடுவேன். "பொறந்தது எத்தனை, இருக்கறது எத்தனை?" இரண்டுக்கும் ஒரே பதில் வந்த வீடு எனக்கு ஞாபகமில்லை. எழுதிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

இது யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில். அப்போது நாங்கள் சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். என் வீட்டுக்காரர் கூட்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. கொஞ்ச தூரத்தில் மிஷன்காரர்கள் ஏழைப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு போர்டிங் நடத்தினார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு குடும்பம் இங்கே ஒரு பிள்ளையைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். பிள்ளைக்குச் சோறு, துணி, படிப்பு எல்லாம் அவர்கள் உபயம். பதிலுக்கு வருஷத்துக்கு ஒரு போட்டோவும் பிள்ளை கைப்பட ஒரு கடிதமும் கப்பலேறும். ஊர் ஊராகப் போய், எந்த வீட்டுப் பிள்ளையை எடுக்கலாம் என்று பார்த்து, தாளை நிரப்பிக்கொண்டு வருவது என் வேலை.

புண்ணியம் தேடி அந்த வேலைக்கு நான் போகவில்லை. அதற்கு முந்தின வருஷம் என் மகள் டைபாய்டு ஜுரத்தில் போய்விட்டாள். ஒன்பது வயது. பையன்கள் இருவரும் அழுதார்கள், அவர்கள் அப்பா அழுதார். நான் மட்டும் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். துக்கத்துக்கு வந்தவர்கள் என் விசுவாசத்தைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். விசுவாசமும் இல்லை, ஒன்றும் இல்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப் போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி இருந்தது. மாதங்கள் போயும் நான் அப்படியே இருந்ததைப் பார்த்து எங்கள் சபைப் போதகர்தான், "வெளியே போய் நாலு வீட்டுக் கஷ்டத்தைப் பாரம்மா, மனசு இளகும்" என்று மிஸ்ஸியம்மாவிடம் சொல்லி என்னைச் சேர்த்துவிட்டார். போர்டிங்கை நடத்திய வெள்ளைக்கார அம்மாளை எல்லோரும் மிஸ்ஸியம்மா என்றுதான் சொல்வோம்.

நாலு வீடு என்ன, நூறு வீடு பார்த்தேன். மனசு இளகவில்லை. மிஸ்ஸியம்மா நல்லவர். ஒவ்வொரு குடிசையிலும் கைக்குட்டையை எடுத்துவிடுவார். அந்த அம்மாளின் அழுகையைப் பார்த்து வீட்டுக்காரர்கள் மிரண்டுபோவார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வராது. நான் அழமாட்டேன். பிள்ளையின் இமையை இழுத்துப் பார்ப்பேன், விலாவைத் தொட்டுப் பார்ப்பேன், எழுதுவேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீடு முடிப்பேன். "உனக்குத் திடமான இருதயம்" என்று சொல்லி மிஸ்ஸியம்மா என்னைத் தனியாகவே அனுப்பத் தொடங்கினார்.

அப்படித்தான் ஒரு வருஷம் பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் மல்லசமுத்திரத்துப் பக்கம் ஒரு நெசவுக்காரர் வீட்டுக்குப் போனேன். தறி இருந்தது. நூல் கிடைக்காமல் அது நின்று மாதக்கணக்கு ஆகியிருந்தது. தறிக்குழிக்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. புருஷன் மலை எஸ்டேட்டுக்கு வேலை தேடிப் போனவன் திரும்பவில்லை. அவன் பெண்டாட்டிக்கு என் வயதுதான் இருக்கும். பார்த்தால் பத்து வயது அதிகம் சொல்லலாம்.

"பொறந்தது எத்தனை, இருக்கறது எத்தனை?"

"பொறந்தது அஞ்சுங்க. இருக்கறது ரெண்டுங்க."

எழுதிக்கொண்டேன். இரண்டில் மூத்தது பெண், எட்டு வயது. முகமெல்லாம் அம்மைத் தழும்பு. உடம்பில் சதை இல்லை, ஆனால் முடி மட்டும் இடுப்புக்குக் கீழே தொங்கியது. எண்ணெயும் சாப்பாடும் காணாமல் செம்பட்டை பாய்ந்து, தேங்காய் நார் போல இருந்தது. எடுக்கலாம் என்று முடிவு செய்து தாளை மடிக்கும்போது தாய்க்காரி என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்கம்மா, ஒண்ணே ஒண்ணுங்க. இவளுக்கு அம்மை போட்டு, போயிருவான்னு கீழ எறக்கிப் போட்டுட்டமுங்க. பொழைச்சா மூணு வருசம் கத்திரி படாம முடி வளத்து எறக்கறேன்னு மாரியாத்தாளுக்கு நேர்ந்துக்கிட்டேன். வார ஆடியோட மூணு வருசம் முடியுதுங்க. ஆடிப் பதினெட்டுக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் முடியில மட்டும் கை வெக்காம பாத்துக்கோணும்."

"சரிம்மா" என்றேன்.

அதை எழுதிவைக்கத் தாளில் இடமில்லை. இடம் இருந்திருந்தாலும் எழுதியிருக்கமாட்டேன், மாரியம்மனுக்கு முடி என்றால் மிஸ்ஸியம்மாவின் முகம் போகிற போக்கு எனக்குத் தெரியும். சரிம்மா என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததே தவிர, அவள் சொன்னது என் காதுக்குள் இறங்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்துப் போர்டிங்கில் பேன் தொல்லை. புதிதாக வந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் முடியை ஒட்ட வெட்டச் சொல்லிவிட்டார்கள். கத்திரி பிடிக்க ஆள் இல்லாமல் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். கிணற்றடியில் பலகை போட்டு உட்கார்ந்து, வரிசையாக ஆறு தலை வெட்டினேன். இந்தப் பெண் ஐந்தாவது. இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, "அம்மா வையுமுங்க" என்றாள். எல்லாப் பிள்ளைகளும் ஏதாவது சொல்லத்தான் செய்தார்கள். "கையை எடு, குனி" என்றேன். குனிந்தாள்.

விழுந்த முடியையெல்லாம் கூட்டி வெந்நீர் அடுப்பில் போட்டார்கள். முடி கருகுகிற நாற்றம் மூக்கில் ஏறியதும்தான் அந்தத் தறிக்குழியும், கோழியும், ஆடிப் பதினெட்டும் ஞாபகத்துக்கு வந்தன. அப்போதும் எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள் தாய்க்காரி வந்தாள். விடியுமுன் புறப்பட்டு நடந்தே வந்திருந்தாள். முழங்கால் வரை புழுதி. மகள் ஓடிவந்தாள். தலையில் இரண்டு விரல் அகலத்துக்கு முடி. தாய்க்காரி கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அறுத்த முடி எங்கீங்க?" என்று கேட்டாள். "அதையாச்சும் குடுங்க. கொண்டுபோய் ஆத்தா காலடியில வெச்சுட்டு அழுவறேன். அதுவும் இல்லீன்னா புள்ளைய இங்க உட மாட்டேனுங்க. அவ குடுத்த உசுரு. சொன்ன சொல்லு தப்புனா திருப்பி எடுத்துக்குவா."

அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரு வாரம் காலியாக இருந்தால் அந்த இடத்துக்கு வேறு பிள்ளையை எழுதிவிடுவார்கள். அடுத்த பிள்ளையின் தாள் ஏற்கெனவே மேஜைமேல் இருந்தது. இந்தப் பெண் திரும்பிப் போகிற வீட்டில் ஒரு வேளை அடுப்பு என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்.

"வீட்டுல பத்திரமா வெச்சிருக்கேன். இங்கேயே இரு" என்றேன்.

வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு பிஸ்கட் தகரம். அதில் என் மகளின் முடி இருந்தது. ஜுரம் பன்னிரண்டாம் நாள், டாக்டர் சொன்னார் என்று நான்தான் வெட்டினேன். "அப்பா வர்றதுக்குள்ள வளந்துடுமாம்மா?" என்று கேட்டாள். அப்பா சாயந்தரம் ஆபீஸிலிருந்து வருவதைத்தான் சொன்னாள். வளர்ந்துவிடும் என்றேன். பிறகு அந்தத் தகரத்தை நான் திறந்ததே இல்லை. அன்றைக்குத் திறந்து, ரிப்பனை அவிழ்த்து எடுத்துவிட்டு, முடியை ஒரு துணியில் சுற்றினேன். அழுகை வரவில்லை. வந்திருந்தால் அந்தக் காரியத்தைச் செய்திருக்கமாட்டேன்.

அவள் துணியைப் பிரித்தாள். நூல் வாங்கப் போகிற இடத்தில் தரம் பார்ப்பது போல ஒரு கொத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினாள்.

"இது எம் புள்ளை முடி இல்லீங்க."

"எண்ணெய் வெச்சோம்மா. அதான் கறுத்திருக்கு" என்றேன். பொய் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடிகிறதா?

"எண்ணெய் வெச்சாக் கறுக்குமுங்க. எழை மாறாதுங்க."

 அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க புள்ளைதுங்களா? போயிருச்சுங்களா?"

தலையாட்டினேன்.

அவள் அவசரமில்லாமல் ஓர் இழை விடாமல் சேர்த்து, பழையபடி துணியில் சுற்றி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். "வெச்சுக்கோங்கம்மா. உங்க புள்ளை முடியைக் கொண்டுபோய் நான் எம் வேண்டுதலைத் தீத்துக்க முடியுமுங்களா? ஆத்தாள ஏமாத்தலாமுங்களா?" என்றாள். பிறகு மகள் கையைப் பிடித்து எழுந்தாள். "இருக்கற முடிய எறக்கிப்போட்டு, பூக் கேட்டுப் பாக்கறேன். வெள்ளைப் பூக் குடுத்தா இவளைக் கூட்டிட்டு வாரேன். செவப்புக் குடுத்தா இல்லீங்க."

எங்கள் பக்கத்தில் அது ஒரு வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து அம்மன் முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை என்றால் சம்மதம்.

வீட்டில் விசேஷம் என்று பிள்ளை ஊருக்குப் போயிருக்கிறாள் என மிஸ்ஸியம்மாவிடம் சொன்னேன். ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். சோறு இறங்கவில்லை. பையன்கள் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன். வெள்ளைப் பூ வர வேண்டும், வெள்ளைப் பூ வர வேண்டும் என்று அடுப்படியிலும் முணுமுணுத்தேன், சபைக் கோவிலில் முழங்கால் போட்டபோதும் முணுமுணுத்தேன். மூன்று தலைமுறையாக வேதக்காரர்கள் நாங்கள். அந்த ஜெபத்தை யாரிடம் செய்தேன் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆறாம் நாள் மத்தியானம் இருவரும் வந்தார்கள். பிள்ளை மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. மிஸ்ஸியம்மா கண்ணில் படுமுன் கிணற்றடிக்கு ஓடித் தலையைக் கழுவச் சொன்னேன். கேட்டால் பேன் என்று சொல்லிக்கொள்ளலாம். தாய்க்காரி படியில் உட்கார்ந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, வாடிப்போன ஒரு வெள்ளை அரளிப் பூவைக் காட்டினாள்.

"மூணு வாட்டி கேட்டனுங்க. ரெண்டு வாட்டி செவப்புத்தான் வந்துது. மூணாவது வாட்டி, 'அந்தம்மாளுக்கும் ஒரு பொட்டப்புள்ளை போயிருச்சு, தெரியாம அறுத்துட்டாங்க, உட்டுரு ஆத்தா'ன்னு கேட்டேன். குடுத்துட்டா."

அந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"தெரியாம இல்ல. நீ சொன்னே. நான் மறந்துட்டேன்."

அவள் பூவைத் திரும்ப முடிந்துகொண்டாள். கோபம் வருமென்று காத்திருந்தேன்.

"மறக்கறதுதானுங்க" என்றாள். "எனக்கும் மூணாவது புள்ளை போனப்ப, அடுப்புல ஒலைய வெச்சுட்டு மறந்து போயி உக்காந்திருப்பேன். கரிஞ்சாக்கூடத் தெரியாது."

கிணற்றடியில் வாளி இறங்குகிற சத்தம் கேட்டது. அவள் கொஞ்சம் நகர்ந்து படியில் எனக்கு இடம் விட்டாள். உட்கார்ந்தேன்.

"உங்களுக்குப் பொறந்தது எத்தனைங்க?"

"மூணு."

"இருக்கறது எத்தனைங்க?"

நூறு வீட்டில் நான் கேட்ட கேள்வி. என் வீட்டுக்குத் துக்கத்துக்கு வந்தவர்களில் ஒருவர்கூட என்னிடம் கேட்காத கேள்வி. இரண்டு என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. தொண்டையிலிருந்து வேறு என்னவோ வந்தது. மாடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். என் மகள் போய் எத்தனையோ மாதம் கழித்து, மிஷன் காம்பவுண்டுப் படியில், பட்டப்பகலில், தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை.

அவள் என்னைத் தொடவில்லை, தேற்றவில்லை. நான் முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் அடுத்த கேள்வி இல்லை.