ஆறாவது வால்வு

என் மனைவி அப்போது கல்வராயன் மலைமேல் ஒரு சுகாதார நிலையத்தில் நர்ஸ். நான் கள்ளக்குறிச்சி ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஏழு மாதம். சனிக்கிழமை மதியம் அவள் பஸ் ஏறிக் கீழே வருவாள்; திங்கட்கிழமை காலையில் நானே காரில் கொண்டுபோய் விடுவேன். வாரத்தில் ஒன்றரை நாள்தான் எங்கள் குடும்பம்.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கிய வாரம் அந்த ஒன்றரை நாளும் போயிற்று. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, தபால் இல்லை. மரம் வெட்டப் போனவர்களில் என் அண்ணனும் ஒருவர்.

"நம்ம புள்ளைங்களுக்குத்தான்டா கேக்கறோம்" என்றார்.

அது எனக்கும் தெரியும். ஆனால் பொண்டாட்டியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று அண்ணனிடம் எப்படிச் சொல்வது? தலையாட்டிவிட்டு வந்தேன்.

காரிலும் ஒரு கோளாறு. மறியலுக்கு முன்பு சின்னசேலம் ஸ்டேஷனுக்குச் சவாரி போய்த் திரும்பும்போதே எஞ்சினில் டக் டக்கென்று ஒரு தட்டல். வழி திறந்ததும் மலையேற வேண்டும். அந்தச் சத்தத்தோடு ஏறப் பயமாக இருந்தது. பட்டறைகள் மூடிக் கிடந்தன. வீட்டுக்குப் பின்னால் வேப்பமர நிழலில் காரை நிறுத்தி நானே பார்க்க உட்கார்ந்தேன்.

தட்டல் கீழே பேரிங்கிலிருந்து வந்தால் எஞ்சினையே இறக்க வேண்டும். மேலே வால்வுப் பக்கம் என்றால் பிழைத்தோம். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கேட்டேன். எல்லா இடத்திலும் கேட்பதுபோல இருந்தது. கர்ப்பிணியின் வயிற்றில் குழாய் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்பதைப் பற்றி என் மனைவி ஒருமுறை சொல்லியிருந்தாள்: "எங்க ஜாஸ்தியா கேக்குதுன்னு பாக்கக் கூடாதுங்க. எங்க சுத்தமா கேக்குதுன்னு பாக்கணும்." அப்படிக் கேட்டுப் பார்த்தேன். கீழே மந்தமாக இருந்தது. மேலே, மூடியின்மேல், நகத்தால் தட்டுவதுபோலத் தெளிவாக இருந்தது. வால்வுப் பக்கத்து டேப்பட் சத்தம்தான்.

மூடியைக் கழற்றினேன். எட்டு வால்வு, ஒவ்வொன்றையும் மேலிருந்து அழுத்தித் திறக்க ஒரு ராக்கர். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி வேண்டும். அது கூடினால் தட்டும். கேஜ் தகட்டை நுழைத்து எட்டையும் அளந்து சரிசெய்தேன். எஞ்சினைப் போட்டேன். அதே டக் டக். மறுநாளும் அளந்தேன். அளவு சரி, சத்தமும் அப்படியே. இதற்குள் சனிக்கிழமையும் வந்து போனது. மதியம் பஸ் வரும் நேரத்துக்கு என்னையறியாமல் கையைக் கழுவிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போய், வெறும் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை ஒரு மலைக்காரர் நடந்தே இறங்கி வந்து வீட்டைத் தேடிப் பிடித்தார். சாமைக் காட்டுக்காரர். அவர் மகளுக்குப் பிரசவம் பார்த்தவள் என் மனைவி.

"நர்ஸம்மா நல்லா இருக்காங்களாம். உங்கள வரவேணாம்னு சொல்லச் சொன்னாங்க."

"வேற இன்னா சொன்னாங்க?"

"அவ்ளோதாங்க." நான் கொடுத்த மோரைக் குடித்து முடித்து, யோசித்தார். "வரவேணாம்னு ரெண்டு தபா சொன்னாங்க."

அவர் போனபின் கொஞ்ச நேரம் வேலையே ஓடவில்லை. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் முகத்தில் தெறிக்க, ஒவ்வொரு ராக்கரின் அடியிலும் தகட்டைச் சொருகிப் பார்த்தேன். ஆறாவதில் சொருகியதும் தட்டல் அடங்கியது. எடுத்ததும் தட்டியது. அளவு சரியாக இருந்த அதே ஆறாவது! எஞ்சினை அணைத்து, அந்த ராக்கரைக் கழற்றி நுனியை நகத்தால் தடவினேன். நகம் ஒரு குழியில் விழுந்தது. தேய்ந்து தேய்ந்து நுனியில் பள்ளம் விழுந்திருக்கிறது. நான் நுழைத்த தகடு பள்ளத்தின்மேல் பாலம்போல நின்று ஏமாற்றியிருக்கிறது. உள்ளே இருந்த தூரம் அளவில் வரவேயில்லை. தீட்டுக்கல்லில் வைத்து நுனி சமமாகும்வரை தேய்த்து, மறுபடி பூட்டி இடைவெளியை அளந்து வைத்தேன். எஞ்சின் தையல் மிஷின்போல ஓடியது.

புதன்கிழமை வழி விட்டார்கள். மரங்களை ஓரத்துக்கு உருட்டியிருந்தார்கள். கச்சிராயபாளையத்தில் நின்றவர்களில் அண்ணன் இருந்தார். ஒன்றும் கேட்காமல் ரோட்டில் கிடந்த கிளையைத் தானே இழுத்துப்போட்டு, "போயிட்டு வா" என்றார். கோமுகி அணையைத் தாண்டி மலையேறினேன்.

அவள் குவார்ட்டர்ஸ் பூட்டியிருந்தது. "அம்மா காலையிலயே ஒத்தையடிப் பாதையில எறங்கிட்டாங்களே! உங்களப் பாக்கத்தான்" என்றாள் ஆயாவேலை பார்க்கும் பெண். வந்த வேகத்திலேயே திரும்பினேன். ஒவ்வொரு வளைவிலும் அவளைத் தேடிக்கொண்டே இறங்கினேன்.

அணைக்குப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். புடவை ஓரமெல்லாம் செம்மண். செருப்பு அறுந்து கையில் இருந்தது.

"ஒரு கார் மேல போனது கேட்டுதுங்க. உங்க காருன்னு நெனைக்கவே இல்ல" என்றாள். "அந்தத் தட்டற சத்தம் இல்லியே!"

"வரவேணாம்னு சொல்லி அனுப்பிட்டு நீ எதுக்கு வந்த?"

அவள் கீழே குனிந்து, கால் விரலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மேலே ஒருத்திக்கு நாள் நெருங்கியிருந்ததால் அவள் அன்றே திரும்ப வேண்டும். காரை அணைக்கரையில் நிறுத்தி, கடையில் வாங்கிய வடையைச் சாப்பிட்டோம். எவ்வளவோ பேச வைத்திருந்தேன். அவள் என் கையைப் பிடித்து, நகக்கண்ணில் இருந்த கறுப்பை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள், அது போகவில்லை. சாயங்காலம் கொண்டுபோய் விட்டேன்.

"வர்ற சனிக்கிழமை?" என்றேன்.

"ரோடு இருந்தா வரேங்க."

அந்தச் சனிக்கிழமை ரோடு இருந்தது. பிரசவக் கேஸ் வந்துவிட்டது. மலையிலிருந்து கீழே அவளுக்கு மாற்றல் கிடைக்க மேலும் இரண்டு மழைக்காலம் ஆனது.