செத்த உடம்பில் அட்டை ஏறாது

ஹாலிஎலவில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டே மூன்று வருடமாக ஒரு துப்பறியும் நாவல் எழுதினேன். விக்டோரியா மகாராணி காலத்துக் கதை; தேயிலை வருமுன் இந்த மலைகளில் கோப்பி வளர்ந்த காலம். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் வெள்ளைக்காரத் துரை காட்டோரம் செத்துக் கிடக்கிறார். குதிரையிலிருந்து விழுந்தார், விழுந்தவுடனே உயிர் போய்விட்டது என்கிறான், கூலிகளை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை. கோப்பிப் பழம் பறிக்கும் ஒரு பெண் மட்டும் அதை நம்பவில்லை.

பிரதியைப் படித்த கொழும்புப் பதிப்பாளர் தொலைபேசியில் பேசினார்.

"டீச்சர், நடை நல்லா இருக்கு. ஆனா எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத்துப் பொம்பளை எப்படிக் கொலையைக் கண்டுபிடிப்பா? ஒரு இங்கிலீஷ் டாக்டரை வைங்களேன்."

கோபம் வந்தது. ஆனாலும் பிரதியை மறுபடி புரட்டினேன். என் கதையில் அவள் உண்மையைத் தெரிந்துகொள்வது ஒட்டுக்கேட்டுத்தான். அது பலவீனம் என்று எனக்கே தெரியும்.

அந்த ஞாயிறு ஸ்பிரிங்வெளித் தோட்டத்து வரிசை வீடான அக்காவின் லயத்துக்குப் போனேன். அக்கா சின்ன வயதிலேயே தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனவள். அவள் மலைக்குப் போனதால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். பூசை முடிந்து வந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, பதிப்பாளர் கேட்ட டாக்டரைப் பற்றிச் சொல்லிவிட்டு முதல் அத்தியாயத்தை வாசித்தேன். விடியற்காலை மழையில் கிடக்கும் துரையின் கழுத்தில் அட்டைகள் ரத்தம் குடித்துக் கொழுத்துத் தொங்குகின்றன. படிப்பவர்களுக்கு உடம்பு கூசட்டும் என்று எழுதிய வரி அது.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"நிப்பாட்டு. செத்த ஒடம்புல அட்டை எப்படிப் பிள்ள ஏறும்?"

"ஏறாதா?"

"சூடு வேணும்ல. போன மாசம் எங்க மலையில ஒரு மாடு செத்துக் கெடந்துச்சு. அதுமேல ஒண்ணுகூட இல்ல. சுத்தி நின்ன எங்க காலெல்லாம் அட்டை. அட்டை கொழுத்துத் தொங்குதுன்னா, ஒன் தொரை அங்க ரொம்ப நேரம் உசுரோட கெடந்திருக்காரு."

"அப்போ விழுந்தவுடனே செத்துட்டாருன்னு கணக்கப்பிள்ளை சொன்னது?"

"பொய்தான். மலைக்குப் போற எவளைக் கேட்டாலும் சொல்லுவா. ஒங்க டாக்டருக்குத் தெரியுமோ என்னமோ!"

நான் பிழையாக எழுதிய வரியே கதையின் திறவுகோலாகிவிட்டது. கணக்கப்பிள்ளை துரையை அடித்துப் போட்டு, உயிர் இருப்பது தெரிந்தும் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அட்டைகளைப் பார்த்த மாத்திரத்தில் என் கோப்பிக்காரிக்கு அவன் சொன்னது பொய் என்று புரிந்துவிடுகிறது. ஒட்டுக்கேட்கும் காட்சிகளையெல்லாம் அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.

பதிப்பாளரை நானே அழைத்தேன்.

"நீங்க கேட்ட டாக்டரை வெச்சிருக்கேன். கணக்கப்பிள்ளை சொன்னதை அப்படியே நம்பி மரணச் சான்றிதழ்ல கையெழுத்துப் போடுறவர் அவர்தான்."

படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். இரண்டு வாரத்தில் பேசினார். "அந்தப் பொம்பளை அப்படியே இருக்கட்டும் டீச்சர்."

புத்தகம் வந்ததும் லயத்து வாசலில் கடைசி அத்தியாயத்தை வாசித்தேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடியிருந்தார்கள். கோர்ட்டில் அவள் சாட்சி எடுபடவில்லை, கணக்கப்பிள்ளை தப்பிவிட்டான் என்றதும் அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அவனைத் தூக்குல போட்டிருக்கணும்!"

"அந்தக் காலத்துல அவ பேச்சை யாரு அக்கா கேட்டிருப்பாங்க?"

"நீதானே எழுதுற? நீ கேக்க வைக்கலாம்ல?"

எல்லாரும் அவள் பக்கம்தான் சேர்ந்தார்கள். அட்டை விஷயத்தில் அக்கா சொன்னதைக் கேட்டேன். கதையின் முடிவு விஷயத்தில் மட்டும் நான் நினைத்ததே சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.