டுபாக்கூர் மாத்திரையும் செக்கிங் ஆல்வினும்

ஒருவருடைய நோயால் இன்னொருவருக்கு லாபம் வருகிறதென்றால், அந்த நோய் தீர அவர் விடுவாரா? அவசரப்பட்டு 'விடுவார்' என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் ஆல்வினின் முதலாளியைப் பாருங்கள்.

ஆல்வினுக்கு வீடு மேற்குத் தாம்பரம். வேலை, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் லிஃப்டுகளுக்கு இரும்புச் சட்டம் செய்யும் ஒரு பட்டறையில். போல்ட்டுகள் சரியாக முடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. பார்த்துவிட்டு மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போடுவார். போட்டதும், பார்த்துவிட்டுத்தான் போட்டோமா என்று சந்தேகம் வரும். கோட்டைப் போனில் படம் எடுப்பார். இது இன்றைய படமா, நேற்றையதா என்று அடுத்த சந்தேகம். லிஃப்ட் அறுந்து விழுந்து யாரோ சாவது கண்முன் ஓடும். மறுபடி முதல் போல்ட். இது வீண் சந்தேகம் என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் விட முடியாது. ஓசிடி என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். ஆல்வினின் ஆசை ரொம்பச் சின்னது: எல்லாரும் கிளம்பும்போது தானும் கிளம்ப வேண்டும்.

முதலாளி ரத்தினத்துக்கோ ஒரே ஆனந்தம். "ஆல்வின் மாதிரி இன்னோர் ஆள் கெட்ச்சான்னா ஜெர்மனிக்கே சப்ளை பண்ணுவேன் நானு" என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். ஓவர்டைம் மட்டும் கிடையாது. "நானா நிக்கச் சொன்னேன்? அவனா நிக்கறான்."

பழைய மாத்திரைகளில் நோய் பாதிதான் அடங்கியது. மீதிக்காக, ஒரு புதிய மருந்தைப் பரிசோதிக்கும் ஆய்வில் சேர விருப்பமா என்று மனநல மருத்துவர் தேவதர்ஷினி கேட்டார். செய்தி கேட்டு ஆல்வினின் அண்ணன் ஜோஷ்வா வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் சபையில் மூப்பர்.

"டேய், சோதனையில விழாம காப்பாத்தும்னு வாராவாரம் முழங்கால் போடுறோம். நீ போய் சோதனைக்குக் கையெழுத்துப் போடுறியா?"

ஆல்வினின் மனைவி எப்சி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காபியை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "போன மாசம் சுகருக்கு ரத்தச் சோதனை பண்ணீங்களே மாமா, அதுல விழுந்தீங்களா, எழுந்தீங்களா?"

ஜோஷ்வா சர்க்கரை போடாத காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. பழைய மாத்திரையோடு தினமும் ஒரு கேப்ஸ்யூல். சிலருக்கு அதில் மருந்து இருக்கும், சிலருக்கு வெறும் மாவு. வேண்டாம் என்றால் எப்போதும் விலகிக்கொள்ளலாம், வழக்கமான வைத்தியம் நிற்காது. ஆனால் கேப்ஸ்யூலைப் பிரித்துப் பார்த்தால் ஆய்விலிருந்து வெளியே போக வேண்டியதுதான்.

"எனக்கு வர்றது எது டாக்டர்?"

"எனக்கும் தெரியாது. தெரிஞ்சா நம்ம ஆசையே முடிவைக் கெடுத்துடும். கம்ப்யூட்டர்தான் பிரிச்சிருக்கு."

"அந்தக் கம்ப்யூட்டரைச் செக் பண்ணது யாரு?"

டாக்டர் சிரித்துவிட்டார். "இந்தக் கேள்விக்குத்தான், ஆல்வின், மருந்தே தேடுறோம்."

சரிபார்க்காமல் எதையும் விடமுடியாதவர் கையில், சரிபார்க்கவே கூடாத ஒரு டப்பா! விஞ்ஞானத்துக்கும் குசும்பு ஜாஸ்தி.

பட்டறையில் ரத்தினம் பதறிப்போனார். "நல்லா கீற ஆளை இன்னாத்துக்கு மருந்து குட்த்து கெடுக்கறாங்க? ஒடச்சி நாக்குல வச்சுப் பாருடா. கசந்தா மருந்து. இல்லாங்காட்டி டுபாக்கூரு."

"பிரிச்சா அனுப்பிடுவாங்க சார்."

"அனுப்பட்டுமே! உனுக்குத்தான் இங்க வேல கீதே."

மறுநாள் காலை அந்த 'டுபாக்கூரு' ஆல்வினின் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. சமையலறையில், கேப்ஸ்யூலின் இடுப்பை இரண்டு நகங்களால் பிடித்தபடி நின்றார். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"எப்சி, இது மருந்துதானே? ஒரு வார்த்தை சொல்லேன்."

முன்பென்றால் உடனே "ஆமாங்க" என்பாள். அந்த 'ஆமாங்க' நோய்க்குப் போடும் தீனி என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

"தெரியாது" என்றாள், தோசையைத் திருப்பிக்கொண்டே.

"டுபாக்கூரா இருந்தா?"

"இருக்கலாம்."

"ஏன்டி, நீ என் பொண்டாட்டிதானே?"

"அதை வேணா செக் பண்ணிக்குங்க. கேப்ஸ்யூலை விட்டுடுங்க."

ஆல்வினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேப்ஸ்யூலை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். என்னவென்று தெரியாமலே அது உள்ளே போனது.

அடுத்த நாளும் அதே கேள்வி, அதே "தெரியாது". சில வாரங்கள் போயின. கோடு போட்ட போல்ட்டை விட்டுவிட்டு அடுத்ததற்கு நகர அவரால் முடிந்தது. ஒருநாள் சங்கு ஊதியதும் பையை எடுத்துக்கொண்டு எல்லாரோடும் நடந்தார். சந்தேகம் கேட் வரை கூடவே வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டார்.

ரத்தினம் வாசலில் மறித்தார். "இன்னாடா, மருந்து வேல செய்யுதா?"

"தெரியாது சார்."

"அப்போ டுபாக்கூரா?"

"அதுவும் தெரியாது சார். பஸ் வருது."

நமக்கும் தெரியாது. மருந்தா, மாவா, எப்சியின் பிடிவாதமா என்பதை, எல்லாருடைய முடிவுகளையும் சேர்த்துப் பார்க்கும் வரை யாரும் சொல்லிவிட முடியாது. ஆய்வு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

பட்டறையில் சரக்கு தேங்கியது. ஒருவருடைய நோய் இரண்டு பேர் வேலையைச் சும்மா செய்துகொடுத்தது அம்பலமாயிற்று. வேறு வழியில்லாமல் ரத்தினம் கேட்டில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்: "செக்கிங்குக்கு ஆள் தேவை. தகுதி: ஐ.டி.ஐ. அல்லது ஓ.சி.டி." கிண்டலுக்கு எழுதியதல்ல. மனிதர் மனதார எழுதியிருக்கிறார்.

திருமுடிவாக்கம் பக்கம் போனால் அதைக் கிழித்துப் போடுங்கள். அப்படியே உங்கள் ஆபீசையும் வீட்டையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கழுவிய கையையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டு, அணைத்த அடுப்பை விட்டு நகர முடியாமல் ஒருவர் தவித்துக்கொண்டிருக்கலாம். அவரை மெச்சவும் வேண்டாம், சீண்டவும் வேண்டாம். மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நாளைக்கே போங்கள்.