கேட்டுக்கொள்ள இரண்டு கேள்விகள்

கண்ணாடிக் கடையில் அவளுடைய வேலையே கேள்வி கேட்பதுதான். காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து சாயங்காலம் இறக்குகிற வரைக்கும், "இப்போ தெளிவா தெரியுதா? மூக்குல அழுத்துதா? காதுக்குப் பின்னாடி உறுத்துதா?" என்று முன்பின் தெரியாதவர்களையெல்லாம் விசாரித்துக்கொண்டிருப்பாள். அவளைத் திருப்பி ஒரு வார்த்தை விசாரிக்கத்தான் ஆள் கிடையாது. வீட்டுக்குப் போனாலும் கிடையாது. வாய்த்தவர் அப்படி.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களில் நின்றுபோகிற லிஃப்டுகளை ஓட வைக்கிற கம்பெனியில் வேலை. தெருவில் அவருக்கு 'ஊமைக்கோட்டான்' என்று பெயர். வைத்தது வேறு யாருமில்லை, மாடியில் குடியிருக்கிற அவருடைய சொந்த அக்காவேதான். கல்யாணமான புதிதில் அவர் இவ்வளவு மோசமில்லை. சினிமா பார்த்துவிட்டு வந்தால் பாதிக் கதையாவது பேசுவார். குழந்தை போனதற்குப் பிறகுதான் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார்.

அது நடந்து எட்டு வருஷம் இருக்கும். நிறைமாதத்தில் வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனவளை மயக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை, உயிரில்லாமல் பிறந்தது என்று நர்ஸ் சொன்னாள். பெற்றவள் பார்க்காமல் இருப்பதுதான் நல்லது என்று சுற்றியிருந்தவர்கள் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்களாம். என்ன நல்லதைக் கண்டார்களோ! அக்கா அப்போது வெளியூரில் இருந்தாள். துணியில் சுற்றிக் கொடுத்ததை வாங்கிப் பார்த்தது, கொண்டுபோனது, வெறுங்கையோடு திரும்பி வந்தது எல்லாம் அவர் ஒருவர்தான்.

அந்த முகம் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியவேண்டும். அவ்வளவுதான். வேறு எதையும் அவள் இந்த வாழ்க்கையிடம் பெரிதாகக் கேட்கவில்லை. ஆனால் அதைக் கேட்க வாய் வரவில்லை. கேட்கலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தாலே அவர் எழுந்துவிடுவார். அவள் முகத்தை நேராகப் பார்ப்பதையே நிறுத்திவிட்டிருந்தார். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டாலும் சுவரைப் பார்த்துத்தான் சாப்பிடுவார். ஒழுங்காகச் சுமந்து பெறத் துப்பில்லாதவள் என்று தன்னை வெறுக்கிறார் என்றே அவள் நினைத்தாள். கரண்ட் பில், கேஸ் சிலிண்டர், வீட்டு வாடகை, இந்த மூன்றைத் தவிர அவர்களுக்குள் பேச்சே இல்லை.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

"சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. இங்கிலீஷ்ல பேசற பரீட்சை வைப்பாங்களாம். வீட்ல யார் கூடயாவது தினம் பேசிப் பழகணும்னு கோச்சிங் மாஸ்டர் சொல்றாரு. நீ என்னைவிட நல்லா படிச்சவதானே?"

இத்தனை நீளமாக அவர் பேசி அவள் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. கையிலிருந்த கரண்டியை வைக்கவும் மறந்து நின்றாள்.

பெட்டி நிறைய அட்டைகள். ஒவ்வொன்றிலும் அன்றாடம் பேசுகிற ஒரு விஷயம்: பிடித்த அறை, பள்ளிக்கூட நண்பர், மழை பெய்த நாள், முதல் சம்பளம். ஒருவர் அட்டையை எடுத்து இரண்டு நிமிஷம் அதைப் பற்றிப் பேசவேண்டும். மற்றவர் குறுக்கே பேசக்கூடாது, எழுந்து போகக்கூடாது, கடைசியில் கட்டாயம் இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும். கேட்டதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். பிறகு முறை மாறும். பேசுகிறவருக்கு வாய் பழகவேண்டும், கேட்கிறவருக்குக் காது பழகவேண்டும் என்பது மாஸ்டரின் சட்டம். அவர்கள் வீட்டில் வேறு எந்தச் சட்டமும் செய்யாத வேலையை அது செய்தது.

முதல் சில நாட்கள் கண்றாவிதான். "மை ரூம் இஸ்... ரூம்," என்று ஆரம்பித்துப் பேந்தப் பேந்த விழிப்பார். அவளுக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? பள்ளிக்கூடத்தில் படித்தது எல்லாம் துருப்பிடித்துக் கிடந்தது. அவர்கள் பேசியதை அப்படியே எழுதினால் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் அடிக்க வருவார்கள். ஆனாலும் பேசினார்கள். கையில் அட்டை இருந்ததால் அவருக்குப் பார்க்க ஒன்று இருந்தது. சுவரைப் பார்க்கவேண்டிய அவசியம் வரவில்லை.

மாடியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்துக் கிண்டல் செய்தாள். "என்னம்மா, புருஷனும் பொண்டாட்டியும் தினம் சாயங்காலம் இங்கிலீஷ்ல கொஞ்சிக்கிறீங்களாமே? எங்களுக்குப் புரியக்கூடாதுன்னா?"

"எங்களுக்கே புரியல, அண்ணி," என்றாள் அவள். சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். சிரித்தது அவளுக்கே புதிதாக இருந்தது.

அட்டை அலுத்துப்போனால் ஒரு விளையாட்டு இருந்தது. ஒருவர் மனதில் ஏதாவது ஒரு பொருளை நினைத்துக்கொள்ள, மற்றவர் கேள்வி கேட்டே அதைக் கண்டுபிடிக்கவேண்டும். ஒரு நாள் அவள் நினைத்தாள்.

"வீட்டில் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"சத்தம் போடுமா?"

"போடவே போடாது."

"உபயோகமானதா?"

"சில நாள்."

"கரண்ட் வேண்டுமா?"

"வேண்டாம். சாப்பாடு வேண்டும்."

அவர் பூனை என்றார். பூனை எங்கே இருக்கிறது இந்த வீட்டில்? பல்லி என்றார். கடைசியில் தோற்றுப்போனதாக ஒப்புக்கொண்டார். "நீங்கள்தான்," என்றாள் அவள். கொஞ்ச நேரம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் தோள் குலுங்கிற்று. சத்தமில்லாத சிரிப்பு, ஆனாலும் சிரிப்புதான்.

முறை மாறும்போது அவர் அவளைக் கேட்கவேண்டும். சின்ன வயதில் எங்கே விளையாடினாய்? யாரோடு? அந்தச் சிநேகிதி இப்போது எங்கே இருக்கிறாள்? கூட வாழ்கிற மனுஷர் இதையெல்லாம் இப்போதுதான் கேட்கிறார். அவளுடைய அப்பா பஸ் டிப்போவில் டயர் மாற்றியவர் என்பது அவருக்குத் தெரியும். அப்பாவின் கையிலிருந்த ரப்பர் நாற்றம் பிடிக்காமல் அவர் ஊட்டிய சோற்றைத் துப்பிவிட்டு, அவர் இறந்த பிறகு அதற்காக அழுதவள் என்பது தெரியாது. அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அதையெல்லாம் சொன்னாள். அவர் எழுந்து போகாமல் கேட்டார். சட்டத்துக்குக் கட்டுப்பட்டுக் கேட்டாரோ, ஆசைப்பட்டுக் கேட்டாரோ, அவளுக்கு அதெல்லாம் ஆராயத் தோன்றவில்லை. கடையில் மத்தியானத்திலிருந்தே மணி பார்க்க ஆரம்பித்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. பரீட்சைத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் கேட்டுவிடவேண்டும் என்று தீர்மானித்தாள். இரண்டு கேள்விகள் அவளுடைய உரிமை. பதில் சொல்வது அவருடைய கடமை. இதைவிட நல்ல சந்தர்ப்பம் இனிமேல் எங்கே வரப்போகிறது? கேள்வியை இங்கிலீஷில் கோத்துக் கடையில் கண்ணாடி துடைக்கிறபோதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

'மறக்க முடியாத நாள்' என்கிற அட்டை அவருக்கு வந்தது. அவர் ஒரு லிஃப்ட் கதையைச் சொன்னார். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு கிழவரைக் கதவை நெம்பி வெளியே எடுத்த கதை. நிறுத்தாமல் தடுமாறாமல் சொன்னார், நன்றாகவே தேறியிருந்தார். அவள் முதல் கேள்வியாக, கிழவருக்கு அடிபட்டதா என்று கேட்டாள். இல்லை என்றார். இரண்டாவது கேள்வி மிச்சமிருந்தது. நகத்தால் மேஜையைச் சுரண்டிக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"நம் குழந்தையை நீங்கள் பார்த்தீர்கள். அவள் முகம் எப்படி இருந்தது?"

அவர் அட்டையைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். பதில் வராத கேள்வி வந்தால் வாயடைத்து உட்காரக்கூடாது, எதையாவது சொல்லி நேரம் வாங்கவேண்டும் என்று மாஸ்டர் ஒரு வாக்கியத்தை எல்லாரையும் உருப்போட வைத்திருந்தார். அதை அவர் ஒரு பிழையில்லாமல் சொன்னார்.

"மிக நல்ல கேள்வி. அதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன்."

யோசித்தாரோ என்னவோ, சொல்லவில்லை. பயிற்சி நேரம் முடிந்ததென்று செல்போனில் வைத்திருந்த மணி அடித்தது. அட்டைகளைப் பெட்டியில் போட்டு மூடினார். மறுநாள் ஒன்றுமே நடக்காதது போல வந்து உட்கார்ந்து 'பிடித்த பழம்' என்கிற அட்டையை எடுத்தார். அவளும் எந்தப் பழம், எங்கே வாங்குவீர்கள் என்று கேட்டாள். திரும்பவும் அந்தக் கேள்வியைக் கேட்டு, இருக்கிற இந்தப் பேச்சும் போய்விட்டால் என்ன செய்வது என்று நடுங்கினாள்.

பரீட்சை முடிந்து சில நாட்களில் முடிவு வந்தது. நல்ல மதிப்பெண். அக்கா மாடிப்படியில் நின்று தெருவுக்கே கேட்கும்படி, "எங்க ஊமைக்கோட்டான் இங்கிலீஷ்ல பேசி ஜெயிச்சுட்டான்!" என்று கூவினாள். அட்டைப்பெட்டியை வேறு யாருக்கோ தேவை என்று கோச்சிங்கில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மேஜை காலியாக இருந்தது. அன்று சாயங்காலம் அவர் எப்போதும் போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"பரீட்சையில எந்த அட்டை வந்துச்சு?" என்று அவள் கேட்டாள். தமிழில்தான் கேட்டாள்.

"'தொலைஞ்சு போனது'ங்கிற அட்டை."

"பர்ஸ் தொலைச்ச கதையைச் சொன்னீங்களா? அதைத்தானே தயார் பண்ணி வச்சோம்?"

"அப்படித்தான் ஆரம்பிச்சேன்." அவர் மென்று விழுங்கினார். "நடுவுல என்னமோ ஆச்சு. பாப்பாவைப் பத்தி வந்துடுச்சு."

பாப்பா என்கிற சொல்லை அந்த வீடு அதுவரை கேட்டதில்லை.

"முகம் ஞாபகம் இருக்கான்னு பரீட்சை வச்ச அந்தம்மா கேட்டாங்க. இருக்குன்னேன். சொன்னேன்."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "யாருக்கு? பரீட்சை வச்சவளுக்கா? எட்டு வருஷமா நான் இங்கேதானே இருக்கேன்? அன்னிக்கு வாயை விட்டுக் கேட்டேனே, காதுல விழலையா? யாரோ ஒருத்திகிட்ட போய்..."

"அவங்க யாரோ," என்றார். "அதனாலதான் வந்துச்சு. சொல்லிட்டு எழுந்து வந்துடலாம். திரும்ப அவங்களைப் பாக்கப் போறதில்ல."

"என்கிட்ட சொன்னா என்ன?"

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். வழக்கப்படி எழுந்து போய்விடுவார் என்று அவள் நினைத்தாள். போகவில்லை.

"உன் முகம்தான்," என்றார் சுவரைப் பார்த்து. "அப்படியே உன் முகம். நெத்தி, மூக்கு, உதட்டுக்கு மேல இருக்கிற அந்தப் பள்ளம்கூட. தூங்கற மாதிரி இருந்துச்சு. உன்னைப் பாக்கறப்பல்லாம் எனக்கு அதுதான் தெரியுது. நீ தூங்கறப்போ ரொம்ப. நானும் எவ்வளவோ பழகிப் பார்த்துட்டேன். என்னால முடியல."

அவள் அழவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது. வெறுப்பு என்று நினைத்தது வெறுப்பில்லை. ஆனால் வெறுப்பாக இருந்திருந்தால் என்றைக்காவது தணிந்திருக்கும். இது எங்கே தணியப்போகிறது? முகத்தை எங்கே கொண்டுபோய்க் கழற்றி வைப்பது?

சாப்பிடுகிற நேரமாகிவிட்டது. அவள் எழுந்து போய்த் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தண்ணீர் வைத்தாள். பிறகு, எதிரே இருந்த தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"சாப்பிடுங்க," என்றாள்.