வானகரத்தில் நான் நிறுத்தாத லாரி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். சுடுகாட்டை ஒட்டி வண்டியை ஓரங்கட்டித் தூங்கியிருக்கிறேன், ஒன்றும் வந்து என் காலைப் பிடித்து இழுத்ததில்லை. அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பவில்லை என்றால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். இதில் எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம். என் மனைவி ஸ்டெல்லாவிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

நான் முதலில் டிரைவர் இல்லை. பாடியில் ஒரு தொழிற்சாலையில் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். சரக்கு ஏற்ற வருகிற லாரிகளை எப்போது உள்ளே விடுவது என்று முடிவு செய்கிறவன். அதில் எனக்கு எவ்வளவு தலைக்கனம் என்றால், டிரைவர்களை வெயிலில் இரண்டு மணி நேரம் சும்மா நிற்க வைப்பேன், தண்ணீர் கேட்டால் ரோட்டில் குழாய் இருக்கிறது போ என்பேன். என் அப்பா வயதுக்காரர் ஒருவரை 'டேய் லாரி' என்று கூப்பிட்டிருக்கிறேன். என் கீழே லோடிங் வேலை செய்த ஆரோக்கியதாஸ் எனக்குத் தெரியாமல் அவர்களுக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பான். தெரிந்ததும் அவனை மூன்று நாள் சஸ்பெண்ட் செய்ய எழுதிக் கொடுத்தேன். தண்ணீர் கொடுத்ததற்கு.

எண்பதுகளின் கடைசியில் கம்பெனியை மூடினார்கள், மூடியது மூடியதுதான். மூன்று வருஷம் எனக்கு வேலை இல்லை. தினமும் ஆள் பார்க்கப் போகிறேன், வேலை தேடிப் போகிறேன் என்று சட்டையை இன் பண்ணிக்கொண்டு, டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போய் அம்பத்தூர் ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பேன். பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு ஐந்து மணிக்குக் களைத்த முகத்தோடு வீட்டுக்கு வருவேன். எட்டு மாதம். ஸ்டெல்லா வெந்நீர் வைத்துக் கொடுப்பாள்.

கடைசியில் மச்சான் சொல்லித்தான் ஹெவி லைசென்ஸ் எடுத்தேன். பாடியில் மூன்று லாரி வைத்திருந்த ஒரு முதலாளியிடம் போய் நின்றபோது அவர் முதலில் கேட்டது இதைத்தான்.

"மூணு வருஷமா இன்னா பண்ணிகினு இருந்தே?"

"ஊர்ல நெலம் இருக்குதுங்க, அதைப் பாத்துகினு இருந்தேன்."

எனக்கு ஊரும் கிடையாது, நிலமும் கிடையாது. அவர் என் உள்ளங்கையைப் பார்த்தார். "கையப் பாத்தா அப்டித் தெர்லியே நைனா" என்றார். ஆனாலும் ஆள் தேவை, சாவியைக் கொடுத்துவிட்டார். மூத்த டிரைவர் ஒருவரோடு இரண்டு நடை போய்ப் பழகினேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலில் ஆரோக்கியதாஸ். வானகரத்தில் ஒரு மரக்கடையில் வேலை செய்வதாகவும், பெண்டாட்டி முழுகாமல் இருப்பதாகவும் சொன்னான். நீங்க என்ன சார் பண்றீங்க என்றான். லாரி என்று வாயில் வரவில்லை. ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு கம்பெனியில் மேனேஜர் என்றேன். "ரொம்ப சந்தோசம் சார்" என்றான். உண்மையாகவே சந்தோஷப்பட்டான், அதுதான் தாங்கவில்லை.

நான் தனியாக வண்டி எடுத்த முதல் நாள் அடைமழை. தண்ணீரில் மாட்டிக்கொண்டு கிளீனரும் வரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புச் சாமான் ஏற்றிக்கொண்டு ராணிப்பேட்டைக்குப் போகவேண்டும். மதுரவாயல் தாண்டி வானகரம் வரும்போது காலை பதினொரு மணி இருக்கும், ரோட்டின் மேல் தண்ணீர் ஓடுகிறது, நான் செகண்ட் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கிறேன். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒருத்தன் பாதி ரோட்டுக்கு வந்து இரண்டு கையையும் ஆட்டினான். கிட்டே போனதும் தெரிந்தது, ஆரோக்கியதாஸ்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கழுத்தில் கிடந்த துண்டை மூக்குவரை இழுத்துவிட்டேன், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன், ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். சக்கரத்துத் தண்ணீர் அவன் மேல் அடித்த சத்தம்கூடக் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அப்படியே நின்றான். சும்மா லிஃப்ட் கேட்கிறான், பின்னால் வேறு வண்டி வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பூந்தமல்லியில் நிற்கவில்லை, எங்கேயும் நிற்கவில்லை. இரண்டரை மணிக்கு ராணிப்பேட்டை கம்பெனி கேட்டில் என்ட்ரி போட்டார்கள். அங்கே ஒரு சூப்பர்வைசர் என்னை மழையில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்தான்.

மறுநாள் திரும்பி வந்ததும் முதலாளி மீட்டரைப் பார்த்துவிட்டு, "இருவது கிலோமீட்டர் சாஸ்தி கீதே, எங்கய்யா சுத்தினே?" என்றார். நேர் ரோட்டில் போய் நேர் ரோட்டில் வந்தேன் என்று அந்தோணியார் மேல் சத்தியம் செய்தேன். மீட்டர் கோளாறாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

பத்து நாள் கழித்து ஆரோக்கியதாஸ் வீட்டுக்கே வந்துவிட்டான், கையில் ஸ்வீட் பெட்டியோடு. அவன் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"பொண்ணு பொறந்துகீது சார். நீங்க மட்டும் அன்னிக்கு நிறுத்தலேன்னா ரெண்டு உசுரும் போயிருக்கும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனே சொல்லிக்கொண்டு போனான். நாள் வருவதற்கு முன்பே அவன் மனைவி மேரிக்கு வலி கண்டு ரத்தம் போக ஆரம்பித்துவிட்டது, அம்பத்தூர் போகிற ரோடு தண்ணீரில் முழுகிக் கிடக்கிறது, ஆட்டோ இல்லை, அவளை டீக்கடை பெஞ்சில் படுக்க வைத்துவிட்டு ரோட்டுக்கு வந்து கை காட்டியிருக்கிறான். நான் நிறுத்தினேனாம். இறங்கி வந்து மேரியைத் தூக்கி ஏற்றினேனாம். பூந்தமல்லியில் வலது பக்கம் திருப்பி ஆவடியில் அவள் அக்கா நர்ஸாக இருக்கிற ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டேனாம்.

இல்லை தாஸ், அது நான் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது ஸ்டெல்லா டீ டம்ளரோடு வந்து நின்றாள், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மூன்று வருஷமாக என்னை அவள் அப்படிப் பார்த்ததில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"அதுல இன்னா இருக்குது தாஸ்" என்றேன். ஆமாம், அதைத்தான் சொன்னேன்.

வாசல்வரை அவனை வழியனுப்பப் போனேன். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சார், வழியில சொன்னத ஆராண்டையும் சொல்லமாட்டேன். நீங்க அழுததையும் சொல்லமாட்டேன். வேலை இல்லாம இருக்கறது ஒரு குத்தமா? அந்த ஏரிக்கரை நாய்க்கு மேனேஜருன்னு பேரு வெச்சி தெனம் தயிர்சோறு போட்டீங்களே, அத நெனச்சா எனக்குத் தூக்கமே வர்ல சார். அந்த சஸ்பெண்டுக்குப் போயி மன்னிப்பு கேட்டீங்க பாருங்க, அத நான் எப்பவோ மறந்துட்டேன்."

ஏரிக்கரையில் காது கிழிந்த ஒரு வெள்ளை நாய் இருந்தது உண்மை. என் பக்கத்திலேயே கம்பீரமாக உட்கார்ந்திருக்கும், அதை மேனேஜர் என்று கூப்பிடுவேன். நானும் அந்த நாயும் மட்டும் இருக்கும்போதுதான் கூப்பிட்டேன். உலகத்தில் வேறு ஒருத்தருக்கும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போய்த் திரும்ப எத்தனை கிலோமீட்டர் என்று பிறகு ஒருநாள் வண்டியிலேயே போய்ப் பார்த்தேன். கிட்டத்தட்ட இருபது. ஆனால் அந்த மழையில் ஆவடி போய்விட்டு இரண்டரை மணிக்கு ராணிப்பேட்டை கேட்டில் நிற்க எந்த டிரைவராலும் முடியாது.

ஞானஸ்நானத்துக்கு என்னைத்தான் ஞானத்தகப்பனாக நிற்கச் சொன்னார்கள். மறுக்க முடியவில்லை. கையில் மெழுகுவர்த்தியோடு நின்று, பொய்யையும் தீமையையும் விட்டுவிடுகிறீர்களா என்று சாமியார் கேட்கக் கேட்க, விட்டுவிடுகிறேன், விட்டுவிடுகிறேன் என்று சத்தமாகச் சொன்னேன். குழந்தையைப் பிடித்திருந்த மேரி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். மேரி பரிமாறுவாள், சிரிப்பாள், அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தாஸ்தான் வருகிற போகிறவர்களுக்கெல்லாம் சொல்வான். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன், அடக்கமான மனுஷன் என்பார்கள்.

தாஸ் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். கடைசிவரை அவனிடம் நான் சொல்லவே இல்லை. அவனை அடக்கம் செய்து ஒரு மாதம் இருக்கும், எனக்கு மனசு கேட்காமல் மேரியிடம் போனேன். அவள் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அன்னைக்கு நான் நிறுத்தலம்மா, தாஸைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் போனேன் என்று.

மேரி கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியும்ண்ணே" என்றாள்.

அவளே சொன்னாள்.

"ஆஸ்பத்திரி வாசல்ல அவரு ஸ்ட்ரெச்சர் கேட்டுகினு உள்ள ஓடிட்டாரு. நானும் வண்டி ஓட்டினவரும்தான். 'உங்க ஊட்டுக்கு வந்து நன்றி சொல்றேண்ணே'ன்னேன். அதுக்கு அவரு, 'வேணாம்மா, அவன்கிட்ட இதப் பத்திக் கேக்காதீங்க, அவன் ரொம்ப வெக்கப்படுவான்'னாரு. எவன்னு கேட்டேன். அதுக்குள்ள ஸ்ட்ரெச்சர் வந்திடிச்சு."

"மூஞ்சி?" என்றேன்.

"உங்க மூஞ்சிதாண்ணே. துண்டுகூட இதே மாதிரிதான்."

அவ்வளவு வருஷமும் தெரிந்துகொண்டேதான் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். எழுந்து வந்திருக்கலாம், எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை, 'அவன்' என்று சொன்னபோது அந்த ஆள் கோபமாகவா சொன்னார் என்று கேட்டேன். மேரி ஆய்வதை நிறுத்திவிட்டு ஆய்ந்த கீரையை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"இல்லண்ணே. கோவமே இல்ல. உங்கள நெனச்சு ரொம்பப் பாவப்பட்ட மாதிரி இருந்திச்சு."