விசில் வரும்வரை திறக்காத டம்ளர்

குக்கர் விசிலடிப்பதற்கு முன் எழும் அந்தச் சீறல் கேட்டால் இன்றும் நான் விசிலுக்காகக் காத்து நிற்கிறேன். லோதி ரோடு அரசுக் குடியிருப்பில், மாடி வீட்டுப் புவனாவும் நானும் சாயங்காலங்களில் ஆடிய கதையாட்டத்தில் அவள் கதை சொல்வாள், நான் அதற்குள் ஒரு வழிப்பறிக்காரியாக அலைவேன், ஆபத்து வந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவேன், விழுகிற எண்தான் தப்பினேனா இல்லையா என்று சொல்லும். உயிர் போகிற உருட்டலுக்கு மட்டும் நாங்களே வகுத்த சட்டம் ஒன்று உண்டு, இந்தியில் "கானூன்" என்போம்: பகடையை உடனே எவர்சில்வர் டம்ளரால் மூடிவிட வேண்டும், ஆடுகிற வீட்டுக் குக்கர் விசிலடித்த பிறகே திறக்க வேண்டும், பக்கத்து வீட்டு விசில் செல்லாது.

புவனாவின் அப்பாவுக்குக் குவாஹாத்திக்கு மாற்றல் வந்தது. கடைசியாக ஒரு உருட்டல், அதில் நான் பிழைத்தால் கதையைப் போனில் தொடர்வது, செத்தால் அத்தோடு முடித்துக்கொள்வது என்று பேசிக்கொண்டோம். அவளைவிட்டால் எனக்கு வேறு தோழி கிடையாது. கிளம்புகிற அன்று மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து நான் உருட்ட, அவள் மூடினாள். அப்புறம்தான் உறைத்தது, காஸ் சிலிண்டரை முந்தின நாளே ஒப்படைத்துவிட்டிருந்தார்கள்.

"திறந்துடலாம்டி" என்று கெஞ்சினேன்.

"கானூன்னா கானூன்தான். வேணும்னா உங்க வீட்டு விசில ஒத்துக்கறேன், ஜல்தி போ" என்றாள்.

கீழே ஓடி அம்மாவிடம் அழுதேன். "சமையலே முடிஞ்சாச்சு, வெறும் தண்ணியையா ஏத்துவாங்க?" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏற்றினாள். வெளியே லாரிக்காரர் ஹாரன்மேல் ஹாரன் அடிக்க, குக்கர் குண்டோ அசைவேனா என்றிருந்தது. ஒருவழியாக விசில் வந்ததும் படியேறிப் பறந்தேன்.

டம்ளரைக் காணோம். பையைக் கீழே வைத்துவரப் புவனாவை அனுப்பிவிட்டு, அவள் அம்மா பாத்திரச் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, டம்ளருக்கு அடியில என்ன நம்பர் இருந்துது?"

"அச்சா, அந்தப் பகடையா? அதையும் உள்ளதான் போட்டேன். நம்பரெல்லாம் யாரு கண்ணா பாத்தா?"

பிழைத்தேனா செத்தேனா என்று தெரியாததால், போன் செய்யலாமா கூடாதா என்பதும் எங்களுக்குத் தெரியவில்லை. அவள் செய்வாள் என்று நான் இருந்தேன், அவளும் அப்படியே இருந்திருப்பாள்.

அந்தக் குடியிருப்பை இடித்து அடுக்குமாடிகள் கட்டிவிட்டார்கள். என் மயூர் விஹார் வீட்டில் இப்போது மின்குக்கர்தான், சோறு வெந்ததும் சத்தமில்லாமல் அணைந்துவிடுகிறது. ஆனாலும் பக்கத்து வீட்டில் விசில் கேட்டால் கைவேலையை அப்படியே நிறுத்திவிடுகிறேன், அது செல்லாது என்று தெரிந்தும்.