சுன்னத்துக்கு முன்வாசல், ஒசாவுக்குப் பின்வாசல்

எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் யாரும் இரண்டாம் தடவை வருவதில்லை. முதல் தடவை வந்ததும் அவர்கள் இஷ்டப்பட்டு அல்ல. நான் தக்கலைப் பக்கம் முடிவெட்டும் கடை வைத்திருக்கிற ஒசா, அதாவது முஸ்லிம் நாவிதன். முஸ்லிம் வீடுகளில் ஆண்பிள்ளைகளுக்குச் சுன்னத்து செய்வதும் எங்கள் குடும்பத்து வேலை. என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மகள் ஜமீலாவை மட்டும் டீச்சர் ஆகும்வரை படிக்க வைத்தேன். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த வருடங்களில் நடந்தவை இவை. வேலைக்கு மட்டும் வீட்டுக்குள் கூப்பிடப்பட்டு, வேலை முடிந்ததும் வெளியே அனுப்பப்பட்டவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

படித்தவர்கள் காரியம்

ஏதோ வெளிநாட்டுக் கோர்ட்டில், கைக்குழந்தைக்குச் சுன்னத்து செய்வது தப்பு என்று சொல்லிவிட்டார்களாம். அன்று என் கடை டி.வி.யில் அதுதான் பேச்சு. ஒரு நாற்காலியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார், முகம் நிறைய சோப்பு நுரையோடு. அடுத்ததில் மரக்கடை ஹாஜியார், தாடி ஒதுக்க வந்தவர்.

"பேசத் தெரியாத பிள்ளைக்க உடம்பில கத்தி வைக்க யாருக்கு உரிமை?" என்றார் வாத்தியார். "பேசத் தெரியாத பிள்ளைக்குத்தான நீங்க ஞானஸ்நானம் குடுக்கிய?" என்றார் ஹாஜியார். "அது தண்ணி, துடைச்சா போச்சு. இதைத் துடைக்க முடியுமா?" என்றார் வாத்தியார். இரண்டு பேருக்கும் நடுவில் கத்தியோடு நின்றவன் நான். இந்த விஷயத்தில் எனக்கும் ஏதாவது தெரிந்திருக்கும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. "நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றேன். எட்டாம் வகுப்பில் தோற்ற ஹாஜியார் கண்ணாடியிலேயே என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீரு மீசைய ஒட்ட எடும் வேய். இது படிச்சவங்க பேசுக காரியம்."

கேமராக்காரத் தம்பி

அந்த வாரமே நாகர்கோவிலிலிருந்து ஒரு பையன் கேமராவோடு வந்தான். பொதுமக்கள் கருத்து எடுக்கிறானாம். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். டெட்டால், கொதிக்க வைத்த தண்ணீர், புண் ஆறும் விதம் எல்லாம் சொன்னேன். ஒன்றையும் அவன் பதிவு செய்யவில்லை. கத்தியை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னான். பிடித்தேன். அவனுக்குத் திருப்தி வரவில்லை. "கொஞ்சம் முறைச்சுப் பாருங்க பாய். நீங்க இப்படிச் சிரிச்சா பிள்ளைய நினைச்சு யாருக்குப் பாவமா இருக்கும்?"

வலிக்குமா?

ஹாஜியாரின் மூத்த மகன் ஷார்ஜாவில் இருந்தான். அவனுக்குப் பிள்ளை பிறந்ததும் என்னை வரச் சொன்னார்கள். விருந்தாளிகளுக்கு முன்வாசல், நான் வழக்கம்போல் பின்வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளே மருமகள் பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு நின்றாள். போனில் என்னவெல்லாமோ படித்திருக்கிறாள் போல. "பிள்ளைக்கு வலிக்குமா?" என்று நேராக என்னிடம் கேட்டாள்.

எனக்குச் சுன்னத்து மார்க்கக் கடமை. என் மகனுக்கு என் கையாலேயே செய்தேன். அதற்காக, பெற்றவள் கேட்கும்போது பொய் சொல்ல முடியுமா? "வலிக்கும் மோளே. ஆறிரும்" என்றேன். முதல் வார்த்தையிலேயே அவள் அறைக்குள் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். இரண்டாவது வார்த்தையைக் கேட்க அங்கே ஹாஜியார் மட்டும்தான் இருந்தார். "உம்மக் கூப்பிட்டது சுன்னத்து செய்யவா, அவளுக்கு வக்காலத்து வாங்கவா?"

ஒரே தட்டு

பிறகு அந்தக் கோர்ட்டுத் தீர்ப்பைக் கண்டித்து, பள்ளிவாசல் பக்கத்து மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஹாஜியார் மைக்கைப் பிடித்து, "சுன்னத்து நம்ம கிரீடம். நம்மில் மேல் கீழ் இல்ல, எல்லாரும் ஒரே தட்டில உண்ணுக சகோதரர்கள்" என்றார். நான் கண் கலங்கிவிட்டேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

கூட்டம் முடிந்து சாப்பாடு. பெரிய தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து கை வைப்பது எங்கள் வழக்கம். நானும் ஒரு தட்டில் உட்கார்ந்தேன். ஒருவன் கை கழுவப் போனான். அடுத்தவனுக்குப் போன் வந்தது. மற்றவர்களுக்குப் பசியே இல்லையாம். தட்டும் நானும் மிஞ்சினோம். ஹாஜியார் ஓடி வந்து, மிகவும் அன்பாகத் தோளைத் தொட்டுச் சொன்னார்: "உமக்குத் தூக்குச்சட்டியில குடுத்துவிடச் சொல்லியிருக்கனே, எதுக்கு வேய் இங்க வந்து சிரமப்படுகீரு?"

பேச்சு

அதற்குப் பிறகும் அந்த வீட்டு நடையேறினேன். காரணம், ஜமீலாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த நசீர். ஹாஜியாரின் இளைய மகன். கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று என் கடைக்கே வந்து சொன்னவனுக்கு, வாப்பாவிடம் சொல்ல மட்டும் பயம். "நீங்க ஒரு வார்த்த பேசுங்க மாமா" என்றான். மாமா என்ற அந்த ஒரு சொல்லுக்காகப் போனேன்.

ஹாஜியார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மறந்திருப்பேன். அந்தப் பக்கம் நசீர் தலையைக் குனிந்து நின்றான். ஹாஜியார் சிரித்தார். "கிரீடத்தத் தலையில வைப்போம் வேய். அதுக்காகச் செஞ்சு தந்த தட்டான் வீட்டிலயா பொண்ணெடுக்க முடியும்?"

பச்சைப்பிள்ளை

நசீர் களியக்காவிளைப் பக்கம் பணக்கார வீட்டில் கல்யாணம் செய்துகொண்டான். ஜமீலா இனி எந்த மாப்பிள்ளை வீட்டார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

நசீருக்கு மகன் பிறந்தான். டாக்டர் கத்தியில் ஹாஜியாருக்கு நம்பிக்கையில்லை. என் கைதான் ராசியாம். கார் அனுப்பினார். திருப்பி அனுப்பினேன். டிரைவர் மறுபடியும் வந்து கெஞ்சினான். கடை ஷட்டரை இறக்கினேன். கடைசியில் அவரே போனில் வந்தார். என் மகள் அடுத்த அறையில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள், அவளுக்கும் கேட்கிற சத்தத்தில் அந்த மனுஷன் கேட்டார்: "பெரியவங்க மேல உள்ள கோவத்த இப்பிடியா வேய் காட்டுகது? அந்தப் பச்சப்பிள்ள உமக்கு என்ன செஞ்சுது?"

பிள்ளைக்குச் சுன்னத்து செய்யலாமா கூடாதா என்று உலகம் இன்னும் விவாதித்து முடிக்கவில்லை. செய்கிறவனின் பிள்ளையை வீட்டுக்குள் எடுக்கக் கூடாது என்பது மட்டும் ஒரு விவாதமும் இல்லாமலே முடிந்துபோயிற்று.